பிள்ளையின் காது விரிந்திருந்தால்...



இந்த இதழின் சுகாதாரப் பாடத்தில் நாம் காதைப் பற்றிப் பேசப் போகிறோம். காதுவலி, காதில் சீழ் வடிதல் பற்றியெல்லாம் நீங்கள் பல தடவை கேட்டிருப்பீர்கள். இன்று பேசப் போவது வேறு விஷயம். சில பிள்ளைகளுக்குக் காது தலையோடு ஒட்டி இராமல் வெளியே விரிந்து நிற்கும். இதற்காகவே லயத்திலும் பாடசாலையிலும் 'சொளகுக் காதன்', 'யானைக் காது' என்று பட்டப்பெயர் வைத்து விடுகிறோம். பிறகு அந்தப் பிள்ளையின் சொந்தப் பெயரே ஊருக்கு மறந்து போகிறது.

"காத ஒப்பரேஷன் செஞ்சு ஒட்ட வைக்கலாமாமே, மெய்யா? எவ்வளவு காசு முடியும்?" என்று தாய்மார் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. ஆனால் "ஆமா", "இல்ல" என்று ஒரே சொல்லில் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆகவே பொறுமையாகப் படியுங்கள். படிக்கத் தெரியாத பாட்டிமாருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லி விடுகிறோம். விரிந்த காது நோய் அல்ல. அதைத் திருத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. திருத்த விரும்பினால் வழி உண்டு. ஆனால் அந்த விருப்பம் யாருடைய விருப்பம் என்பதுதான் முக்கியம்.

காது ஏன் விரிகிறது?

உங்கள் காதை விரலால் தடவிப் பாருங்கள். கீழே தோடு போடும் சோணை மெதுவாக இருக்கும். அதற்கு மேலே தோலுக்குள் வளையக்கூடிய தகடு ஒன்று தட்டுப்படும். அதைக் கசியிழையம் என்பார்கள். குருத்தெலும்பு என்றும் சொல்வதுண்டு. காதுக்கு உருவம் கொடுப்பது அதுதான்.

காதின் வெளி ஓரத்துக்குச் சற்று உள்ளே இன்னொரு மேடான மடிப்பு ஓடுவதைக் காணலாம். அந்த மடிப்புத்தான் காதைத் தலைப்பக்கமாக வளைத்து வைக்கிறது. கருவில் பிள்ளை வளரும்போது அந்த மடிப்புச் சரியாக விழாவிட்டால் காது விரிந்து நிற்கும். இன்னும் சிலருக்குக் காதுத் துளையைச் சுற்றியுள்ள கிண்ணம் போன்ற குழி ஆழமாக இருக்கும். அது காதை வெளியே தள்ளும். சிலருக்கு இரண்டு காரணமும் சேர்ந்திருக்கும்.

காதின் ஓரத்துக்கும் தலைக்கும் உள்ள தூரம் பெரும்பாலானவர்களுக்கு 2 சென்ரிமீற்றருக்கு உள்ளேதான் இருக்கும். அதைவிட அதிகமானால் காது எடுப்பாகத் தெரியும். 100 பேரில் சுமார் 5 பேருக்கு இப்படி இருக்கிறது. ஆகவே இது அபூர்வமானதும் அல்ல.

அநேகமாக இது பரம்பரையாக வருவது. தகப்பனுக்கோ, அம்மப்பாவுக்கோ, அத்தைக்கோ அதே காது இருக்கும். கிரகண நேரத்தில் தாய் வெளியே போனதால் வந்தது, தாய் ஒருக்களித்துப் படுத்ததால் வந்தது என்று சொல்வதெல்லாம் வெறும் பேச்சு. மாமியார்மாரே, இதற்காக மருமகளைக் குறை சொல்லாதீர்கள். உங்கள் மகனின் காதையும் ஒரு தரம் பார்த்துக் கொள்ளுங்கள்!

காது கேட்குமா?

நன்றாகக் கேட்கும். கேட்கும் வேலை காதின் உள்ளே நடக்கிறது. வெளியில் தெரியும் மடல் விரிந்திருப்பதால் செவிடு வராது. படிப்பும் குறையாது. விரிந்த காதுள்ள பிள்ளைக்குக் கேட்பதில் குறை இருந்தால், அதற்கு வேறு காரணம் இருக்கும். காட்டிப் பரிசோதிக்க வேண்டும்.

பிறக்கும்போதே காது மடல் மிகச் சிறிதாகவோ, இல்லாமலோ இருப்பது வேறு விஷயம். அப்படியான பிள்ளைக்குக் கேட்கும் திறனைச் சீக்கிரமாகச் சோதிக்க வேண்டும். தாமதித்தால் பேச்சு வருவதும் தாமதமாகும்.

இதுதான் ஆபத்து: காது திடீரென வெளியே தள்ளினால்

இந்தப் பகுதியைக் கட்டாயம் மனதில் வைத்துக் கொள்ளுங்கள். பிறந்ததிலிருந்து விரிந்திருக்கும் காதால் ஆபத்தில்லை. ஆனால் நேற்று வரை சரியாக இருந்த காது, இன்று ஒரு பக்கம் மட்டும் வெளியே தள்ளிக் கொண்டு நின்றால் அது வேறு கதை.

காதுக்குள் வந்த கிருமி, காதுக்குப் பின்னால் உள்ள எலும்புக்குப் பரவும்போது இப்படி நடக்கும். அடையாளங்கள் இவை:

- காதுக்குப் பின்னால் வீக்கம், சிவப்பு, தொட்டால் வலி
- காய்ச்சல், காதுவலி, சில வேளை சீழ்
- காது முன்பக்கமாகவும் கீழாகவும் தள்ளப்பட்டிருத்தல்
- சின்னப் பிள்ளையானால் விடாமல் அழுதல், பால் குடிக்காமல் இருத்தல்

இது மூளை வரைக்கும் போகக்கூடிய நோய். ஊசி மூலம் மருந்து ஏற்ற வேண்டும். சில பிள்ளைகளுக்கு ஒப்பரேஷனும் தேவைப்படும். எண்ணெய் காய்ச்சி ஊற்றிக் கொண்டு, "நாளைக்குப் பாப்பம்" என்று இருக்க வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். வாகனம் கிடைக்காவிட்டால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்பியூலன்ஸ் வண்டி வரும்.

பிறந்த பிள்ளைக்கு முதல் வாரங்கள்

பிள்ளை பிறந்த புதிதில் அதன் உடம்பில் தாயிடமிருந்து வந்த ஒருவகைச் சுரப்பு நீர் மிச்சமிருக்கும். அதனால் காதின் கசியிழையம் களிமண் போல மிருதுவாக இருக்கும். சில வாரங்களில் அந்தச் சுரப்பு குறையும், காதும் விறைத்து விடும்.

இந்தச் சில வாரங்களுக்குள் வெட்டாமல், தைக்காமல் காதைத் திருத்த முடியும். காதின் மடிப்புக்குள் மெல்லிய குழாய்த் துண்டு போன்ற ஒன்றை வைத்து, தோலுக்குக் கேடு செய்யாத பிளாஸ்டரால் ஒட்டி, சில வாரங்கள் அப்படியே வைத்திருப்பார்கள். ஜப்பான் நாட்டு வைத்தியர்கள் 1980களில் இதைப் பற்றி எழுதிய பின்னர் பல நாடுகளில் இது செய்யப்படுகிறது. பிறந்து முதல் 3 வாரங்களுக்குள் தொடங்கினால் பலன் அதிகம். நாள் போகப் போகப் பலன் குறையும்.

ஆகவே பிள்ளை பிறந்த பின்பு மிட்வைப் அம்மா வீட்டுக்கு வரும்போது காதையும் காட்டுங்கள். முதல் கிளினிக்கில் டொக்டரிடமும் கேளுங்கள். ஆனால் நீங்களாகவே வீட்டில் பிளாஸ்டர் ஒட்ட வேண்டாம். பச்சைப் பிள்ளையின் தோல் உரிந்து புண்ணாகும். கேட்கத் தவறிவிட்டோமே என்று வருத்தப்படவும் வேண்டாம். சில பிள்ளைகளுக்குக் காது விரிவது சில மாதம் சென்ற பிறகுதான் தெரிய வருகிறது.

காதை விட வலிப்பது கேலிதான்

விரிந்த காதில் வலி இல்லை. வலி பிறர் வாயிலிருந்து வருகிறது.

பொம்பளைப் பிள்ளைகள் பாடசாலைக்கு இரட்டைப் பின்னல் போட வேண்டும். முடியை இழுத்துக் கட்டியதும் காது இரண்டும் வெளியே தெரியும். ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு முடியை ஒட்ட வெட்ட வேண்டும். மறைப்பதற்கு வழியே இல்லை. "வயித்த வலிக்குதும்மா, இஸ்கூலுக்குப் போகல" என்று அடிக்கடி சொல்லும் பிள்ளை, போட்டோ எடுக்க வர மறுக்கும் பிள்ளை, எந்நேரமும் தொப்பியைக் கழற்றாத பிள்ளை ஆகியோரைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்து விசாரியுங்கள். காரணம் வயிற்றில் இருக்காது. இப்படிப் பின்வாங்கும் பிள்ளை மெல்ல மெல்லப் படிப்பையே விட்டு விடவும் கூடும்.

இங்கே பெரியவர்களாகிய நமக்குத்தான் முதல் வேலை இருக்கிறது. பிள்ளைகள் பட்டப்பெயரைத் தாங்களாகவே கண்டுபிடிப்பது குறைவு. வீட்டில் மாமா சொன்னதை, பெரட்டுக் களத்தில் யாரோ கூப்பிட்டதைத்தான் அவர்கள் வகுப்பில் சொல்கிறார்கள். பாசமாகத்தான் கூப்பிடுகிறோம் என்று நாம் நினைக்கலாம். கேட்கிற பிள்ளைக்கு அது பாசமாகத் தெரியாது.

ஆகவே:

- வீட்டில் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.
- "அவங்க சொன்னா சொல்லட்டும், நீ கவனிக்காத" என்று மட்டும் சொல்லி விட்டு விடாமல், வகுப்பு ஆசிரியரைச் சந்தித்துப் பேசுங்கள்.
- உங்கள் பிள்ளை மற்றப் பிள்ளையைக் கேலி செய்தால் அங்கேயே திருத்துங்கள்.
- முன்பள்ளி ஆசிரியைகளும் சிறுவர் நிலையத்தைப் பார்த்துக் கொள்பவர்களும் பட்டப்பெயர் பாவிக்கக் கூடாது.

இதற்குக் காசு தேவையில்லை. கத்தியும் தேவையில்லை. பல பிள்ளைகளுக்கு இந்த வைத்தியமே போதும்.

சத்திரசிகிச்சை என்றால் என்ன?

காதைச் சீர்செய்வது புதிய வித்தை அல்ல. அறுந்த காதுச் சோணையைச் சேர்த்துத் தைக்கும் வழிகள் இந்தியாவின் பழைய வைத்திய நூலான சுஸ்ருத சங்கிதையிலேயே சொல்லப்பட்டிருக்கின்றன. விரிந்த காதைத் தலையோடு சேர்க்கும் ஒப்பரேஷனை 1881இல் அமெரிக்காவில் எட்வர்ட் எலி என்ற டொக்டர் எழுதி வெளியிட்டார். அவரிடம் வந்தவன் 12 வயதுப் பையன். கூட்டாளிகளின் கேலி தாங்காமல் வந்தவன். 1910இல் லக்கெட் என்பவர், மடிப்பு விழாததே காரணம் என்பதைக் கண்டு, அந்த மடிப்பை உண்டாக்கும் முறையைச் சொன்னார். 1963இல் முஸ்டார்டே என்பவர் கசியிழையத்தை வெட்டாமல் தையலால் மடிக்கும் முறையை விளக்கினார். இன்றைக்கும் அந்தத் தையல் முறை பாவனையில் உண்டு.

செய்வது இப்படித்தான். காதுக்குப் பின்னால், வெளியே தெரியாத இடத்தில் தோலை வெட்டுவார்கள். கசியிழையத்தை மடித்து, கரையாத நூலால் உள்ளுக்குள் தையல் போட்டு மடிப்பை நிற்க வைப்பார்கள். குழி ஆழமாக இருந்தால் அதையும் பின்னுக்கு இழுத்துத் தைப்பார்கள், அல்லது சிறிது குறைப்பார்கள். பிறகு தோலை மூடித் தலையைச் சுற்றிக் கட்டுப் போடுவார்கள். ஒரு மணித்தியாலம் முதல் இரண்டு மணித்தியாலம் வரை எடுக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு முழு மயக்கம் கொடுப்பார்கள். பெரியவர்களுக்குக் காதை மட்டும் விறைக்கச் செய்தும் செய்யலாம்.

எந்த வயதில் செய்யலாம்?

5, 6 வயதுக்குப் பிறகு. அந்த வயதில் காது ஏறக்குறைய முழு அளவுக்கு வளர்ந்திருக்கும். கசியிழையம் தையலைத் தாங்கும். பிள்ளைக்கும் சொன்னால் விளங்கும், கட்டைப் பிய்த்து எறியாது. அதற்கு மேல் வயதெல்லை இல்லை. 10 வயதிலும் செய்யலாம், 30 வயதிலும் செய்யலாம். ஆகவே அவசரம் எதுவும் கிடையாது.

இங்கேதான் முன்பு சொன்ன கேள்வி வருகிறது. இது யாருடைய விருப்பம்? பிள்ளை தன் காதைப் பற்றிக் கவலைப்படாமல் ஓடி விளையாடிக் கொண்டிருந்தால், அப்பா அம்மாவின் ஆசைக்காகக் கத்தி வைக்க வேண்டாம். கலியாணச் சந்தையில் மாப்பிள்ளை கிடைக்க மாட்டான் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதற்காகவும் வேண்டாம். பிள்ளை தானாக வந்து, "எனக்கு இது சரியில்ல, மாத்தணும்" என்று சொன்னால், ஏசாமல் காது கொடுத்துக் கேளுங்கள். கேலி நின்ற பிறகும் அதே விருப்பம் இருக்கிறதா என்று கொஞ்ச காலம் பாருங்கள். பிறகு டொக்டரிடம் போகலாம்.

ஒப்பரேஷனுக்குப் பிறகு கவனிப்பு

ஒப்பரேஷன் ஒரு நாள் வேலை. கவனிப்போ ஒன்றரை மாத வேலை. பலர் இதை யோசிப்பதில்லை.

- தலைக்கட்டு பெரும்பாலும் ஒரு வாரம் வரை இருக்கும். அது நனையக் கூடாது. மழைக் காலத்தில் இதைக் கவனிக்க வேண்டும். பாடசாலை விடுமுறைக் காலம் வசதியானது.
- கட்டு அவிழ்த்த பின்பு 4 முதல் 6 வாரம் வரை இரவில் தலைப்பட்டி கட்டிப் படுக்க வேண்டும். தூக்கத்தில் காது மடங்கினால் தையல் அறுந்து போகும்.
- பந்து விளையாட்டு, சண்டை, மரம் ஏறுதல் எல்லாம் டொக்டர் சரி என்று சொல்லும் வரை கூடாது.
- பெரிய ஆட்கள் செய்து கொண்டால், கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டும்போது அது காதை அழுத்தும். எத்தனை வாரம் மலைக்குப் போகக் கூடாது என்று டொக்டரிடம் கேட்டு, லீவுக்குத் துண்டும் எழுதி வாங்கிக் கொள்ளுங்கள்.
- கிளினிக்குக்குத் திரும்பிப் போக வேண்டிய நாட்களைத் தவற விடாதீர்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் வலியும் வீக்கமும் இருக்கும். டொக்டர் கொடுக்கும் மருந்துக்கு அது அடங்கும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் வலி ஏறிக் கொண்டே போனால், கட்டில் இரத்தம் ஊறினால், காய்ச்சலோ கெட்ட வாடையோ வந்தால் கிளினிக் நாள் வரும் வரை காத்திருக்க வேண்டாம். உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம், அல்லது கிருமி பிடித்திருக்கலாம். கவனிக்காமல் விட்டால் கசியிழையம் அழுகிக் காதின் உருவமே கெட்டு விடும். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

குறைகளும் உண்டு

நல்லதை மட்டும் சொல்லி உங்களை ஆசை காட்ட நாங்கள் விரும்பவில்லை. சிலருக்கு இரண்டு காதும் அச்சில் வார்த்தது போல ஒன்றாக வராது. சிலருக்குக் காது திரும்பவும் கொஞ்சம் விரியும். சிலருக்கு உள்தையல் நூல் தோலுக்கு வெளியே தலை காட்டும். காது சில மாதங்கள் மரத்துப் போயிருக்கும்.

இன்னொன்று முக்கியம். காது குத்திய இடத்தில் அல்லது பழைய காயத்தில் தழும்பு கட்டி போலப் பெருத்து வளர்வதை நம்மில் சிலரிடம் கண்டிருப்பீர்கள். இது கறுத்த, மாநிறத் தோல் உள்ளவர்களுக்குக் கூடுதலாக வரும். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது அப்படி இருந்தால், ஒப்பரேஷனுக்கு முன்பே டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். காதுக்குப் பின்னாலும் அப்படி வளரலாம்.

எங்கே போவது? காசு எவ்வளவு?

முதலில் தோட்ட டிஸ்பென்சரியில் அல்லது பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டி, காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். அங்கே பார்த்து விட்டு, தேவையானால் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்புவார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் டொக்டரைக் காட்டிக் கேட்பதற்குக் காசு இல்லை. ஆனால் இது உயிர் காக்கும் ஒப்பரேஷன் அல்ல. தீக்காயமும் விபத்தும்தான் அங்கே முந்தும். ஆகவே பொறுமை வேண்டும்.

தனியார் ஆஸ்பத்திரியில் செய்யலாம், ஆனால் செலவு அதிகம். அந்தக் கணக்கில் பஸ் காசு, தங்கும் செலவு, கூடப் போகிறவரின் பேர் இழப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். காது அவசரம் இல்லாத விஷயம் என்று சொன்னோம். இதற்காக நகையை அடகு வைக்கவோ, வட்டிக்குக் கடன் வாங்கவோ வேண்டாம்.

கைபேசியில் வரும் விளம்பரத்தைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். விரிந்த காதை ஒட்ட வைக்கும் கிரீமும் இல்லை, எண்ணெயும் இல்லை, குளிசையும் இல்லை. அழகு நிலையத்தில் செய்கிற வேலையும் அல்ல இது. இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்ற சத்திரசிகிச்சை நிபுணரே செய்ய வேண்டும்.

சில கேள்விகளும் பதில்களும்

"எம்பிள்ளைக்கு நாலு வயசு. ராவுல துணியால காத இறுக்கிக் கட்டி வச்சா சரிவருமா?"

வராது. காது விறைத்த பிறகு கட்டி வைத்துப் பயனில்லை. இறுக்கிக் கட்டினால் புண்தான் வரும். பசை போட்டு ஒட்டுவது அதைவிட மோசம்.

"மகளுக்கு ஒப்பரேஷன் செஞ்சா காது குத்தித் தோடு போடலாமா?"

போடலாம். ஆனால் புண் முழுதாக ஆறிய பிறகு, டொக்டரைக் கேட்டுக் கொண்டு செய்யுங்கள்.

"எங்க ஆத்தாவுக்கு பாரமான நகை போட்டுக் காது அறுந்து தொங்குது. அதையும் தைக்கலாமா?"

தைக்கலாம். அது சோணையில் மட்டும் செய்யும் சின்ன வேலை. காதை விறைக்க வைத்துச் செய்வார்கள். தைத்த தழும்பின் மேலேயே திரும்பவும் துளை போடக் கூடாது.

"பெரிய காது இருந்தா ஆயுசு கெட்டின்னு சொல்றாங்களே?"

அப்படி ஒரு சொல் உண்டு. மெய்யோ பொய்யோ, 'சொளகுக் காது' என்று சொல்வதை விட அது எவ்வளவோ நல்ல சொல்!

நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்

1. விரிந்த காது நோய் அல்ல. கேட்கும் திறனைக் குறைக்காது.
2. காது திடீரென வெளியே தள்ளி, பின்னால் வீங்கினால் அன்றே ஆஸ்பத்திரி.
3. பிறந்த பிள்ளையின் காதை முதல் வாரங்களில் மிட்வைப் அம்மாவிடம் காட்டுங்கள்.
4. பட்டப்பெயரை நிறுத்துங்கள்.
5. ஒப்பரேஷன் 5, 6 வயதுக்குப் பிறகு. பிள்ளையின் விருப்பம் முதலில்.
6. கடன் பட்டுச் செய்ய வேண்டிய காரியம் அல்ல இது.

இந்தப் பாடத்தை அடுத்த தாய்மார் கூட்டத்தில் வாசித்துக் கலந்து பேசுங்கள். உங்கள் லயத்தில் பட்டப்பெயரோடு வளரும் பிள்ளை ஒன்று இருந்தால், நாளைக் காலையில் அதன் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத் தொடங்குங்கள்.